காலம் கடந்த கைதட்டல்

போன காலத்தை எண்ணி உருகுவது மனித இயல்பு. ஆனால், பிறர் பட்ட துன்பத்தைக் கதையாகக் கண்டு நாம் இன்புறும்போது, அவர்களுக்கு நாம் கடன்படுகிறோமா? அக்கடன் கண்ணீரால் தீருமா? இதனைச் சற்றே ஆராய்வோம்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குக் கடலடி ஒளியிழை வடம் வந்து சேர்ந்தது. அதன் பயனாக அயல்நாட்டுத் தொடர்களும் நம் இல்லங்களுக்குள் எளிதில் வருகின்றன. அவற்றுள் ஒன்று, 2022இல் வெளியான 'எ லீக் ஆஃப் தேர் ஓன்'. உலகப் போருக்கு ஆடவர் சென்றுவிட, 1943இல் அமெரிக்காவில் தொடங்கிய பெண்கள் பேஸ்பால் போட்டியே அதன் களம். அப்பெண்கள் குட்டைப் பாவாடையுடன் ஆட வேண்டும் என்பது விதி. மண்ணில் சறுக்கி விழுந்தால் தோல் உரியும். கறுப்பினப் பெண்களுக்கோ அங்கு இடமே இல்லை. 1954இல் ஆட்டம் நின்றது. பேஸ்பால் அருங்காட்சியகம் அவர்களை நினைவுகூர்ந்தது 1988இல்தான்.

நம் நாட்டுக் கதையும் வேறன்று. 1976இல் பாட்னாவில் இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியபோது தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி. முன்பதிவில்லாத இரயில் பெட்டிகளில் பயணம் செய்து ஆடிய தலைமுறை அது. அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கப்பட்டது 2017இல். 2025இல் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது நாடே ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தில் ஒரு பங்கு 1976க்கு உரியது அன்றோ?

'மறக்கப்பட்டோரைக் கலை மீட்கிறதே, அது போதாதா?' என்பார் உளர். மீட்பது உண்மை, அது நற்பணியே. ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. கதையைக் காணும்போது நாம் எப்போதும் ஆடும் பெண்ணின் பக்கமே நிற்கிறோம். தடுத்தவர்கள் வேறு யாரோ என எண்ணிக்கொள்கிறோம். அவர்களும் நல்ல தந்தையர், நல்ல அண்டை வீட்டார் என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் தீவிலும் மாலையில் மைதானத்திலிருந்து திரும்பும் பெண்ணிடம், 'பெரியவளாகிவிட்டாய், இனி ஆட்டம் எதற்கு?' என்னும் குரல் எழுவதுண்டு. பெருநிலத்துப் போட்டிக்கு மூன்று நாள் கப்பற்பயணம் செய்ய வேண்டும். மகனுக்கு எளிதில் கிடைக்கும் அனுமதி மகளுக்குக் கிடைப்பதில்லை. திரையில் கண்ணீர் சிந்துவதும் கூடத்தில் தடை விதிப்பதும் ஒரே மாலையில் நிகழக்கூடும்.

வேளையறிந்து செய்யும் உதவியின் பெருமையை வள்ளுவர் உணர்த்தியுள்ளார். மூத்தோர்க்கு அவ்வேளை கடந்துவிட்டது. அன்று மறுத்ததை இன்று அவர்களிடம் திருப்பித் தர இயலாது. ஆனால் அவர்கள் நின்ற அதே இடத்தில் இன்று நிற்போர்க்குத் தரலாம். அதுவே அக்கடனைத் தீர்க்கும் வழி. விருதும் சிலையும் பின்னர் வரட்டும். மகளுக்கு வேண்டிய காலணியும் கப்பற் சீட்டும் முன்னர் வரட்டும்.

எதிர்காலத்தில் எவரோ எடுக்கும் தொடரில் நாம் எந்தப் பக்கம் நிற்போம் என்பது, இன்று நம் வாசலில் நாம் சொல்லும் சொல்லைப் பொறுத்தது.