டெபாசிட் கட்டிய பாத்திரம்

முதலில் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் அடுப்பு மூட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. (கடையை அரசாங்கமே நடத்துகிறதே என்று கேட்காதீர்கள். அது வேறு கட்டுரை.) நான் சொல்ல வருவது அமெரிக்க சமாசாரம். அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரி.

அந்த உரிமையும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அது போன பிறகு வீட்டில் ஒயின் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள், பீர் விட்டுப்போய்விட்டது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீடென்றால் வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 200 காலன். விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. கடைசியாக வந்த மிஸிஸிப்பியும் அலபாமாவும் தலையாட்டியது 2013-ல்.

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் ஓஹையோவில் இருக்கிறான். அவனுக்கு இப்போது இதுதான் பைத்தியம். கிச்சன் அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் ஆரம்பித்தான். வீடு பூராவும் வாடை என்று மனைவி வாசலைக் காட்ட, பின்கட்டுக்குப் போனான். மூன்றடுக்கு ஸ்டாண்டு ஒன்று போடப்போகிறேன் என்று போனில் ஒரு மணி நேரம் விளக்கினான். கேட்கக் கேட்க எனக்கே ஆசை வந்துவிட்டது. பீர் மேல் அல்ல, அந்த ஸ்டாண்டு மேல்.

விஷயம் இதுதான். இரும்புச் சட்டத்தில் மூன்று படிகள். மேல் படியில் வெந்நீர்ப் பாத்திரம். நடுப் படியில், உடைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை) வெந்நீரில் ஊறவைக்கும் பாத்திரம். 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறினால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சூடு ரொம்ப ஏறினால் அந்த வேலையைச் செய்கிற என்ஸைம்கள் செத்துவிடும். பிறகு மேலேயிருந்து வெந்நீரை மெள்ளத் திறந்துவிட்டு, சக்கையில் ஒட்டியிருக்கிற இனிப்பையெல்லாம் கழுவிக் கீழ்ப் பாத்திரத்தில் இறக்க வேண்டும். அங்கே ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதி. அப்புறம் ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து, மூடிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மேலிருந்து நடு, நடுவிலிருந்து கீழ் என்று எல்லாம் தானாக இறங்கும். பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது. புவியீர்ப்பு சம்பளம் கேட்பதில்லை.

ஆனால், உயரம் ஒரு பிரச்னை. ஒவ்வொரு பாத்திரத்தின் குழாயும் அடுத்ததன் வாய்க்கு மேலே இருக்க வேண்டும் என்றால், மேல் பாத்திரத்தின் வாய் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. பாத்திரத்தின் எடையையும் சேர்த்தால் இரண்டு 25 கிலோ அரிசி மூட்டைகள், கொதிக்கிற நிலையில், உங்கள் தலைக்கு மேலே. ஸ்டூல் போட்டு ஏறித்தான் எட்டிப் பார்க்க வேண்டும். இதற்குப் பயந்தே பலர் மூன்று பாத்திரங்களையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டுப் பம்ப் போட்டுக்கொள்கிறார்கள். குழந்தைகள் ஓடியாடும் வீடென்றால் நானும் அதைத்தான் சொல்வேன்.

பர்னரில் பல ஜாதி உண்டு. ஜெட் மாதிரி ஒரே இடத்தில் சீறுவது ஒன்று. சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அகலத் தட்டு மாதிரி தீ பரவுவது இன்னொன்று. இது கொஞ்சம் அடக்கம், பாத்திரத்தின் அடியும் ஒரே இடத்தில் தீயாது. துத்தநாகம் பூசிய இரும்பைச் சட்டத்துக்கு வாங்கக் கூடாது. சூட்டிலும் வெல்டிங்கிலும் அதன் புகை ஆளைப் படுக்கவைக்கும். ஸ்டாண்டு நிற்கிற இடம் சமதளமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். காஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்தவெளி. புரொப்பேன் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். அது போதாதென்று, மூடிய கராஜில் பர்னர் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு, போகிறபோக்கில் ஒன்று சொன்னான். “பாத்திரம்தான்டா சல்லிசு. மூணுமே கெக்தான்.”

கெக் என்பது பீர் கம்பெனிகள் சரக்கு அனுப்புகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பீப்பாய். பெரிய சைஸ் பதினைந்தரை காலன், நம் கணக்கில் சுமார் 58 லிட்டர். கல்யாணம், பார்ட்டி என்றால் கடையில் முழுப் பீப்பாயாக வாங்கிவருவார்கள். பீருக்கு ஒரு விலை, பீப்பாய்க்கு ஒரு டெபாசிட். காலிப் பீப்பாயைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் கைக்கு வரும். மேல்பக்கத்தை வட்டமாக வெட்டி, கீழே ஒரு குழாய் பொருத்திவிட்டால் அடுப்பில் ஏற்ற அதைவிட உறுதியான அண்டா கிடையாது. டெபாசிட் முப்பது டாலர், ஐம்பது டாலர் என்று இருக்கும். புதுக் கெக் செய்ய நூறு டாலருக்கு மேல் ஆகும்.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

என் நண்பனின் மூன்று கெக்குகளில் இரண்டு யோக்கியமானவை. ஊரில் உள்ள சின்ன பீர் கம்பெனி ஒன்று, நசுங்கிப்போனவற்றை ரசீது போட்டு விற்றது. மூன்றாவது ஒரு பார்ட்டியில் வந்தது. திரும்பிப் போகவில்லை. அதன் விளிம்பில், இது இன்ன கம்பெனியின் சொத்து என்று பொறித்திருக்கிறது. “டெபாசிட் அவன்கிட்டதானே இருக்கு? நான் திருப்பிக் கேட்கலையே! கணக்கு நேர்” என்கிறான்.

பி.காம். படித்தவன் சொல்கிற பேச்சா இது? முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்களே, வாங்கிய டெபாசிட்டை வருமானத்தில் எழுதக் கூடாது, அது பொறுப்பு, கடன் பக்கம் நிற்க வேண்டும் என்று! கம்பெனியின் புத்தகத்தில் அந்த முப்பது டாலர் இன்னமும் இவனுக்குத் தரவேண்டிய பணம். பீப்பாய் இன்னமும் கம்பெனியின் சொத்து. ஆளுக்கொரு பொருள் அடுத்தவர் கையில். தமிழ் முஸ்லிம்கள் அமானிதம் என்று ஓர் அழகான சொல் வைத்திருக்கிறார்கள். நம்பி ஒப்படைத்த பொருள். இங்கே இரண்டு அமானிதங்கள் எதிரெதிரே நிற்கின்றன.

ஆனால் நண்பனின் வாதத்தை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அவனுக்குப் பெரிய இடத்து சப்போர்ட் இருக்கிறது. பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், 1897-ல் ஆற்றிய ஓர் உரையில், ஒப்பந்தம் என்பதற்குச் சட்டத்தின் கண்ணில் என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னபடி செய், அல்லது நஷ்டஈடு கொடு, அவ்வளவுதான் என்றார். அப்படிப் பார்த்தால் டெபாசிட் என்பது முன்கூட்டியே கட்டிய நஷ்டஈடு. பீப்பாயைக் கொடுப்பதா, பணத்தை விடுவதா என்பது என் இஷ்டம். இதில் பாவம் எங்கே வந்தது?

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கதையைத் திருப்பிப் போடுங்கள். ஸ்டீல் விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கெக் பத்து டாலர்கூடப் பெறாது. நீங்கள் காலிப் பீப்பாயை உருட்டிக்கொண்டு கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் சிரித்த முகத்தோடு, “பீப்பாயை நீங்களே வெச்சுக்குங்க சார், டெபாசிட்டை நாங்க வெச்சுக்கறோம். கணக்கு நேர்” என்கிறார். ஒப்புக்கொள்வீர்களா? கடையே அதிரக் கத்த மாட்டீர்களா? என் பணம், திருப்பித் தருவதாகச் சொல்லித்தானே வாங்கினாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நஷ்டம் நம் பக்கம் என்றால் அது டெபாசிட். லாபம் நம் பக்கம் என்றால் விலை. நண்பனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அவங்க பெரிய கம்பெனிடா” என்றான்.

பெரிய கம்பெனி என்பது வாதமே இல்லை. தவிர, கெக் திரும்பாமல் அடிபடுகிறவர்கள் பெரியவர்கள் மட்டுமில்லை. இவனை மாதிரி கொல்லைப்புறத்தில் ஆரம்பித்து, கடன் வாங்கி, நூறு இருநூறு பீப்பாய்களை வைத்துக்கொண்டு ஓட்டுகிற சின்ன ஆட்களுக்குத்தான் ஒவ்வொன்றும் முதல் போட்ட சொத்து. கலிஃபோர்னியாவில் கென் கிராஸ்மன் என்பவர் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். 1980-ல் சியரா நெவாடா என்ற பீர் கம்பெனியைத் தொடங்கியபோது புதுச் சாமான் வாங்கப் பணமில்லை. பால் பண்ணைகளிலிருந்து கழிந்த பாத்திரங்களைத் தேடிப் பிடித்து ஒட்டுப்போட்டுத்தான் ஆலையை நிறுத்தினார். பழைய பாத்திரம் ஒன்றும் கேவலம் இல்லை. யாருடையது என்பதுதான் கேள்வி.

ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டும் இந்த டெபாசிட் விவகாரத்தைத் தொட்டிருக்கிறார். 1788-ல் வந்த புத்தகத்தில். ஒருவர் உங்களிடம் ஒரு பொருளைக் கொடுத்துவைத்தார். இறந்துபோனார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. வைத்துக்கொள்ளலாமா? நிரூபிக்க முடியாததை எல்லோரும் இல்லையென்று சொல்லலாம் என்று விதி வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கச் சொல்கிறார் கான்ட். அப்புறம் யாருமே யாரிடமும் எதையும் கொடுத்துவைக்க மாட்டார்கள். டெபாசிட் என்ற விஷயமே காணாமல் போய்விடும். பீப்பாய் விஷயத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். எல்லோரும் வெட்டிக் குழாய் மாட்ட ஆரம்பித்தால், டெபாசிட் ஏறிக்கொண்டே போய்ப் பீப்பாயின் முழு விலையைத் தொடும். பிறகு மகள் கல்யாணத்துக்கு ஒரு பீப்பாய் எடுக்க வருகிற சாதாரண மனிதர் அவ்வளவு பணத்தையும் எண்ணி வைக்க வேண்டும். அவர் ஒழுங்காகத் திருப்பித் தருகிறவர்தான். இருந்தும் கட்டத்தான் வேண்டும்.

பணத்தை இடையில் நுழைத்தால் மனசு எப்படி மாறுகிறது என்பதற்கு இஸ்ரேலில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. க்னீஸி, ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2000-ல் வெளியிட்டார்கள். ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்கள். சாயந்திரம் பெற்றோர் லேட்டாக வருகிறார்கள். ஆறு காப்பகங்களில் அபராதம் போட்டார்கள். லேட்டாக வருகிறவர்கள் குறைவார்கள் என்றுதானே நினைப்போம்? கூடினார்கள். அதுவரை, ஐயோ டீச்சர் காத்திருப்பாரே என்று ஓடி வந்தவர்கள், இப்போது காசு கொடுத்து நேரம் வாங்குகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. இதைப் படித்தபோது ஒரு தாயோ தகப்பனோ கெட்டவர்களாக எனக்குத் தெரியவில்லை. எதற்கு எவ்வளவு என்று ஒரு எண்ணை எழுதிவைத்தால் அதை விலைப்பட்டியலாகப் படிக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

எப்போதும் இல்லை, நல்லவேளை. உங்கள் வீட்டு காஸ் சிலிண்டரைப் பாருங்கள். அதுவும் டெபாசிட் சரக்குதான், உங்களுக்குச் சொந்தமில்லை. 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டரின் டெபாசிட்டை 1,450 ரூபாயிலிருந்து 2,200-க்கு ஏற்றினார்கள். அதற்கு ரொம்பக் காலம் முன்னால் கனெக்‌ஷன் வாங்கிய நம் அம்மாக்கள் சில நூறு ரூபாயோடு முடித்திருப்பார்கள். அத்தனை சல்லிசாக வந்த இரும்பு ஆச்சே என்று எந்த அம்மாவும் அதை வெட்டித் தண்ணீர் அண்டா செய்துகொள்ளவில்லை. காலி சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டுப் பையனுக்காகக் காத்திருந்தார்கள்.

அதே ஊரில்தான், 2022-ல் உயர் நீதிமன்றம் சொல்லி நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்பதற்காக. பத்து ரூபாயைத் தியாகம் செய்துவிட்டு பாட்டிலை வீசுகிறவர், ‘அதான் காசு கட்டிட்டேனே’ என்று சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? அந்தப் பத்து ரூபாய் யானைக்குப் போய்ச் சேரவில்லை.

சரி, நண்பனின் மூன்றாவது பீப்பாய்க்கு வருவோம். “ஏற்கெனவே வெட்டியாச்சேடா. இப்படியே கொண்டுபோய்க் கொடுத்தா அவனுக்கு என்ன பிரயோஜனம்?” என்று கேட்டான். உண்மையிலேயே நல்ல கேள்வி. வெட்டிய கெக்கில் மறுபடி பீர் அடைக்க முடியாது. பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். திருப்பித் தருவது என்ற கதவு மூடிவிட்டது. இனிமேல் செய்யக்கூடியது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. கம்பெனிக்கு போன் போட்டு, புது கெக் என்ன விலை என்று கேட்பது. அதில் டெபாசிட்டைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு ஒரு செக் எழுதி அனுப்புவது. வெட்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரசீது வந்த பிறகு கீழ்ப்படியில் ஏற்றிக் கொதிக்கவைக்கட்டும், எனக்கு ஆட்சேபணையில்லை.

“பைத்தியம்னு சிரிப்பாங்கடா” என்றான்.

சிரிப்பார்கள். செக்கையும் பாங்கில் போட்டுக்கொள்வார்கள் என்றேன்.