வாழ்த்து அட்டையும் வார்த்தையும்

பிறர் எழுதிய வார்த்தையின் கீழே கையெழுத்துப் போட்டுத் தன் அன்பாக அனுப்புவது பொய்யா? புதுக்கவிதை பேசும் நம்மிடம் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. தேய்ந்த வார்த்தையில் அனுபவம் இல்லை; ஆகவே பொய். பொங்கல் வாழ்த்து அட்டையைக் கண்டு நாம் சிரித்ததெல்லாம் இந்தத் தைரியத்தில்தான். கரும்பு, பானை, ஜோடிக் காளை, சில சமயம் எம்.ஜி.ஆர். சிவகாசியில் ஆயிரக்கணக்கில் அச்சான பிரியம்.

மரக்காணம் உப்பளங்களில் நின்று பார்த்தால் சிரிக்க இன்னொரு காரணமும் கிடைக்கும். அறுவடையை வாழ்த்தும் அட்டை அங்கே வந்து சேர்வது தை மாதத்தில். வடகிழக்குப் பருவமழையில் மூழ்கிய பாத்திகளிலிருந்து நீரை இறைத்து, சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்துகிற காலம் அது. உப்பு விளைய இன்னும் வெயில் ஏறவேண்டும். கையில் காசில்லாத மாதத்தில் நெற்கதிரும் மஞ்சள் கொத்தும் தபாலில் வருகின்றன.

அங்கே உப்பளக் கணக்கு எழுதிவந்த பெரியவர் ஒருவரிடம், வடக்கே வேலைக்குப் போன சிநேகிதர் 1970களில் அனுப்பிய அட்டைகள் ஒரு கட்டாக இருக்கின்றன. படங்களில் ரசிக்க ஒன்றுமில்லை. கையால் எழுதியிருப்பது பெயரும் விலாசமும் மட்டுமே. இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அச்சுத்தாளுக்குரிய மலிவுக் கட்டணத்தில் போகும் வாழ்த்து அட்டையில் ஐந்து சொற்களுக்கு மேல் கையால் எழுதக்கூடாது என்பது அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் பழைய விதி. அவையும் உபசார வார்த்தைகளாகவே இருக்கவேண்டும். சேதி எழுதினால் அது கடிதம், கட்டணமும் வேறு. (தபால் இலாகாக்களுக்கு இருந்த இந்த நுட்பம் நம் விமர்சகர்களில் பலருக்கு இல்லை.)

கட்டில் ஒரு வருஷத்து அட்டை இல்லை. பெரியவர் அதை மறதி என்று எடுத்துக்கொண்டு, மறு வருஷம் தானும் அனுப்பாமல் இருந்துவிட்டார். பற்றும் வரவும் நேர். அந்தப் பொங்கலுக்குச் சிநேகிதரின் அட்டை வந்தது. அதே காளைகள், கீழே நான்கு சொற்கள்: 'சென்ற வருஷம் அம்மா காலமானாள்.' தபால்காரர் கூடுதல் கட்டணம் எதுவும் கேட்கவில்லையாம்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் இல்லை, வாழ்த்தும் இல்லை. இது தெரியாத தமிழன் இல்லை. வராத அட்டையே சேதி. எல்லோரும் ஒரே நாளுக்கு ஒரே வார்த்தையை அனுப்புவதால்தான் ஒருவன் அனுப்பாதது பேசுகிறது. நினைத்தபோது நினைத்ததை எழுதுகிறவனின் மௌனத்திலிருந்து நாம் எதையும் தெரிந்துகொள்ள முடியாது, சோம்பலாகவும் இருக்கலாம். தனித்துவத்தைக் கொண்டாடும் நம் அழகியல் இந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

ஆகவே பொய்யை அச்செழுத்தில் தேடிப் பயனில்லை. பெறுகிறவன் அதைக் கணக்காக வாசிக்கிறானா, ஆளாக வாசிக்கிறானா என்பதுதான் பிரச்னை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பாராமலே நட்புக் கொண்டதைப் பெருமையாகச் சொல்கிறோம். சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் கிளம்பி வந்தார் என்பதை அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை.

அந்த நான்கு சொற்களுக்கு என்ன பதில் எழுதினீர்கள் என்று பெரியவரைக் கேட்டேன். அடுத்த பொங்கலுக்கு அட்டை போட்டேனே என்றார்.