மூன்றாவது ரவுண்டு

2023 நவம்பர் 30 அன்று ஷேன் மெக்கவன் இறந்தார். அன்று ராத்திரி முழுக்க ‘தி போக்ஸ்’ பாடல்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 1982இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் உருவான குழு அது. ஐரிஷ் நாட்டுப்புற மெட்டும் பங்க் வேகமும் கலந்தது. கிடார் வாசித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஃபெர்ன்லி இந்தக் குழுவுக்காக அக்கார்டியனைக் கையில் எடுத்தார். மெக்கவனின் வரிகளில் பிரெண்டன் பீஹனும் லோர்காவும் வந்துபோவார்கள்.

1985இல் வந்த ‘தி ஓல்ட் மெயின் டிராக்’ பாட்டில், லண்டனுக்கு வந்த பதினாறு வயதுப் பையன் தெருவில் உடலை விற்றுச் சீரழிகிறான். அவனே ‘நான்’ என்று சொல்கிறான். மூச்சுத் திணறுவதுபோல அக்கார்டியன் இழுத்துக்கொண்டே இருக்கும். கேட்கிற யாருக்கும் அந்தப் பையன்மேல் இரக்கம் வரும்.

ஆனால் அதைப் பாடியவர் மேடையில் தள்ளாடினால் கூட்டம் உற்சாகமாகக் கத்தியது. பாட்டில் வருகிறவனுக்காக உருகிவிட்டு, பாடுகிறவனின் அழிவை வேடிக்கை பார்ப்பது என்ன வகை ரசனை?

‘குடி இல்லாமல் அந்தப் பாட்டு வந்திருக்குமா?’ என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’ ஒரே ராத்திரிப் போதையில் வந்ததல்ல. மெக்கவனும் ஜெம் ஃபைனரும் சுமார் இரண்டு வருஷம் மாற்றி மாற்றி எழுதி, 1987இல்தான் அது வெளியானது. அந்த உழைப்பையெல்லாம் நாம் பாட்டிலின் கணக்கில் எழுதிவிட்டோம்.

1991இல் ஜப்பான் சுற்றுப்பயணத்தின்போது குழுவே அவரை வெளியேற்றியது. துரோகம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். அலுப்பில் செய்ததாகவே இருக்கட்டும். இனி இப்படி முடியாது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் அவர்கள். கைதட்டிய நமக்கு அந்தச் சிரமம் இல்லை.

எனக்கு ஒரு நண்பன் உண்டு. ரெண்டு ரவுண்டு போனால் அபாரமாகப் பாடுவான். மூன்றாவதை ஊற்றிக்கொடுத்து, “மச்சி, அந்தப் பாட்டு” என்று கேட்கிறவன் பெரும்பாலும் நான்தான். சிகிச்சைக்குப் பிறகு இப்போது அவன் குடிப்பதில்லை, பாடுவதுமில்லை. போன வருஷம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, ஏன்டா பாடுறதையே விட்டுட்டே என்று கேட்டேன்.

“குடிக்காதப்ப ஒருநாளாவது என்னைப் பாடச் சொல்லியிருக்கியாடா?” என்றான்.

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டு, ரெண்டு டீக்கும் அவனே காசு கொடுத்தான்.