முடிவு தெரியாத யோசேப்பு

நான்கு நற்செய்தி நூல்களிலும் யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தச்சர், நேர்மையாளர், தாவீதின் வழிவந்தவர். அவ்வளவுதான். தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் கருவுற்றிருப்பது தெரிந்ததும், அவளை ஊர்முன் நிறுத்தாமல் மறைவாக விலக்கிவிட நினைத்தார் என்கிறது மத்தேயு. அடுத்த வரியிலேயே கனவில் தேவதூதர் வந்துவிடுகிறார். அதுவரைக்கும் அந்த மனுஷன் எத்தனை ராத்திரி புரண்டு படுத்தார், யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொன்னாரா, எதுவும் கிடையாது.

விவிலிய காலத்தை வைத்துக் கதை எழுதுகிற எவரும் இப்படி ஓர் இடைவெளியில்தான் வந்து நிற்கிறார்கள். வேதம் சொல்லாததைப் புனிதர் வாயில் வைப்பது பொய் ஆகாதா?

தமிழில் இந்தக் கேள்விக்கு வயசு முந்நூறு. கொள்ளிடத்தின் வடகரையில், கைலாசபுரத்திலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பிவிடக்கூடிய ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், 1726இல் தேம்பாவணியை எழுதி முடித்தார். 3615 பாடல்கள். நாயகன் சூசையப்பர், அவருக்கு முனிவர் வைத்த பெயர் வளன். மத்தேயுவின் சில வரிகளுக்கு இங்கே ‘ஐயந்தோற்று படலம்’, ‘ஐயம் நீங்கு படலம்’ என இரண்டு முழுப் படலங்கள்.

நம் மரபுக்கு இது புதிதில்லை. வான்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பனில் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். கம்பனைப் பொய்யன் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே சேர்ப்பது குற்றமில்லை. எழுதுகிறவருக்கு முடிவு தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தை அழிப்பதுதான் குற்றம் என்று நினைக்கிறேன்.

சர்வர் விழுந்த மறுநாள் லாகைப் படித்தால் எல்லாமே பட்டவர்த்தனமாத் தெரியும். ‘இதைக்கூடவா கவனிக்கல?’ என்று கேட்கத் தோன்றும். ராத்திரி இரண்டு மணிக்குத் திரையில் நாற்பது எச்சரிக்கைகள் ஓடியபோது, எது நிஜம் என்று அங்கே இருந்தவனுக்குத் தெரியாது. யோசேப்பும் அப்படி ஓர் இரவில்தான் இருக்கிறார். தூதர் வருவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அவருடைய இரக்கத்துக்கு விலையே இல்லை. தான் ஏமாற்றப்பட்டதாக எண்ணியபோதும் மரியாவைக் காப்பாற்ற நினைத்தார் என்பதுதான் அவருடைய நேர்மை. ஐயத்தை எழுதினால் விசுவாசம் குலையும் என்பவர்கள், அந்த ஐயத்தை முதலில் எழுதியவர் மத்தேயு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

யோசேப்பு நல்லவர், அவருக்கு இந்த நியாயத்தைக் கொடுப்பது சுலபம். கயபாவுக்குக் கொடுப்போமா?

தவக்காலத்தில் நம்மூர்களில் நடக்கும் பாஸ்கா நாடகங்களில் அவர் வந்தாலே வில்லன்தான். யோவான் நற்செய்தியில் அவர் இருக்கும் சபையின் பயம் வேறு: இவரை இப்படியே விட்டால் உரோமையர் வந்து கோயிலையும் இனத்தையும் அழித்துவிடுவார்கள். இனம் முழுவதும் அழிவதைவிட ஒருவன் சாவது நல்லது என்கிறார் கயபா. அந்தப் பயம் கற்பனையில்லை. கி.பி. 70இல் உரோமைப் படை எருசலேம் கோயிலை எரித்தது. பலரைக் காக்க ஒருவனைக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கை இன்றைக்கும் அரசுகளும் அலுவலகங்களும் நல்ல மனசோடுதான் போடுகின்றன. கயபாவை வெறும் அரக்கனாக எழுதினால், அந்தக் கணக்கில் நம்முடைய கையெழுத்தும் இருப்பது நமக்குத் தெரியாமலே போகும்.

இதில் ரத்தமும் இருக்கிறது. இயேசுவை ஏற்காத யூதர்கள் எல்லாம் தெரிந்தே கடவுளைக் கொன்றவர்கள் என்று நூற்றாண்டுக் கணக்கில் கதையும் நாடகமும் சொன்னதற்கு, ஐரோப்பாவில் யூதர்கள் உயிரைக் கொடுத்தார்கள். இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லோர்மீதும், இன்றைய யூதர்மீதும் பழி சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965இல்தான்.

கயபாவின் பயத்தைச் சொன்னால் அவர் செய்தது சரியென்று ஆகாதா? ஆகாது. யோசேப்புக்கும் பயம் இருந்தது, ஊரும் சட்டமும் அவர் பக்கம் இருந்தன. அவர் அந்தப் பெண்ணை ஊர்முன் நிறுத்தவில்லை. கயபா ஒரு மனிதனைக் கொடுத்துவிட்டார். இருவருக்குமே நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. அந்த இருட்டை இருவருக்கும் சமமாகக் கொடுத்து எழுதினால்தான், யார் என்ன செய்தார்கள் என்பதை வாசகன் நிஜமாக எடைபோட முடியும்.