சட்டையும் சத்தியமும்

ஆடை மனிதனுடைய மானத்தைக் காப்பதற்கென ஏற்பட்டது என்பர். இறந்துபோன ஒருவன் உடுத்த ஆடையைப் போலவே ஓர் ஆடை தைத்து, அதை உயிரோடிருக்கும் ஒருவன் உடுத்திக்கொண்டால், அது காப்பது எவருடைய மானத்தை? உடுத்தவன் மானத்தையா? மாண்டவன் மானத்தையா? இவ்வினாவை நேயர்கள் முன் வைத்துச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. 1861 முதல் 1865 வரை அந்நாட்டின் வட மாகாணங்களும் தென் மாகாணங்களும் தமக்குள் பெரும் போர் புரிந்தன. 6 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்ட போர் அது. அப்போரின் சண்டைகளை இன்றைய மக்கள் விடுமுறை நாட்களில் வெளியிடங்களிற் கூடி மீண்டும் நடித்துக் காட்டுகிறார்கள். வார நாட்களில் கணக்கெழுதுவோரும், பள்ளியிற் பாடம் சொல்வோரும், வண்டி ஓட்டுவோரும் அன்று சிப்பாய்களாகின்றனர். கூடாரத்திற் படுக்கின்றனர், குண்டில்லாத வெறும் மருந்தை வெடிக்கின்றனர், செத்தவரைப்போல் புல்லில் விழுகின்றனர், மாலையில் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு வீடு திரும்புகின்றனர்.

இவர்களுக்கென்றே பழைய பட்டாளத்துச் சட்டைகளைக் கையால் தைத்துக் கொடுக்கும் தையற்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தொழில் சாமானியமானதன்று. வட சேனைச் சிப்பாய் அன்றாடம் அணிந்த சட்டை கருநீலக் கம்பளித் துணியாலானது. அதில் கழுகு முத்திரை பொறித்த பித்தளைப் பொத்தான்கள் நான்கு. கால்சட்டையோ வான்நீலம். தென் சேனையாரின் சட்டை பெரும்பாலும் பருத்திப் பாவும் கம்பளி ஊடுமாக நெய்த முரட்டுத் துணியாலானது. அதன் சாயம் வெயிலிலும் மழையிலும் வெளிறி மண்ணின் பழுப்பு நிறத்தை அடைந்துவிடும். பொருட்காட்சிச் சாலைகளில் எஞ்சியுள்ள பழஞ் சட்டைகளைக் கண்டு, அங்குலத்துக்கு எத்தனை தையல் என எண்ணி, அக்காலத்தில் இயந்திரம் தைத்த இடத்தில் இயந்திரத்தாலும், கை தைத்த இடத்தில் கையாலும் இவர்கள் தைக்கிறார்கள். காஜாவையும் கையாலேயே எடுக்கிறார்கள். இத்தகைய நுணுக்கத்தில் மூழ்கியவர்களை நூலெண்ணிகள் என்று அக்கூட்டத்தாரே கேலி செய்வதுண்டு.

இதை வீண் வேலை என்று தள்ளிவிடலாமா? ஆகாது. செய்யும் தொழிலிற் பொய் கலவாதிருத்தல் எங்கே காணப்படினும் போற்றற்குரியது. போர் தொடங்கிய 1861-ல் நடந்ததைப் பாருங்கள். அவசரத்திற் சேனை திரட்டிய வட மாகாண அரசினர்க்கு ஒப்பந்தக்காரர் சிலர் உடுப்பு விற்றனர். கந்தற் கம்பளியை அரைத்து, அத்தூளை அழுத்திச் செய்த மட்டமான துணி அது. ஒரு மழைக்கு நைந்து, சிப்பாயின் தோள்மீதே பிரிந்து விழுந்தது. உயிர் கொடுக்கப் போனவனுக்கு உருப்படியான சட்டை கொடுக்காமற் பணம் பண்ணினார்கள். அன்று மூலத்தில் மோசடி இருந்தது. இன்று நகலில் நேர்மை இருக்கிறது! அன்றியும், நாணயமுள்ள தையற்காரர், தாம் தைத்ததைப் பிற்காலத்தில் எவனும் பழஞ் சட்டையென்று ஏமாற்றி விற்காதிருக்கும்பொருட்டு, உள்துணியில் தம் அடையாளத்தை இட்டுவைக்கிறார். இஃது அறம்.

நிற்க. நூலில் உள்ள நேர்மை போதுமா என்பதே நமது கேள்வி. சட்டையின் நிறம் சரி, பொத்தான் சரி, தையல் சரி. அதை அணிந்தவன் எதற்காகப் போராடினான் என்ற இடத்தில் மட்டும் வாய் மூடிக்கொண்டால், அச் சட்டை மெய்யா, பொய்யா?

தென் மாகாணத்தார் தனியரசு நாட்டிய காரணத்தை மறைக்கவில்லை. அவ்வரசின் உப தலைவராகிய அலெக்ஸாண்டர் ஸ்டீவன்ஸ், 1861 மார்ச்சு மாதத்தில் ஸவானா நகரிற் பேசியபோது, கறுப்பர் வெள்ளையர்க்குச் சமமல்லர், அடிமைத்தனமே அவர்க்கு இயல்பான நிலை என்பதே தம் அரசின் மூலைக்கல் என வெளிப்படையாகக் கூறினார். அந்நாளில் அந்நாட்டில் அடிமைகளாயிருந்தோர் சுமார் 40 இலட்சம் மக்கள். மேலே சொன்ன பழுப்புச் சட்டையின் பருத்திப் பாவை நினையுங்கள். அப்பருத்தியில் பெரும் பகுதி அம்மக்கள் சவுக்கடிக்கு அஞ்சிப் பறித்தது. நூலெண்ணும் அன்பர், அந்நூல் எவர் கையிலிருந்து வந்தது என்பதை எண்ணாமல் விடுவாராயின், அவர் கணக்குப் பாதிக் கணக்கேயாகும்.

இதற்கு அவர்கள் ஒரு விடை சொல்கிறார்கள். தென் சேனைச் சிப்பாய்களிற் பலர் ஏழை உழவர். அவர்கள் குடும்பங்களுக்கு அடிமை ஒருவரும் இருந்ததில்லை. அந்த எளிய மனிதரின் துன்பத்தையே நாங்கள் நினைவுகூர்கிறோம் என்கிறார்கள். இவ்விடையில் உண்மை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உண்மையை முழுவதும் சொல்லவேண்டும். 1862 ஏப்ரலில் தென்னரசு கட்டாயப் பட்டாளச் சட்டம் இயற்றி அவ்வேழைகளைப் போருக்கு இழுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையர் வீதம் போருக்குப் போகவேண்டுவதில்லை என விலக்கும் அளித்தது. அடிமையை உடையவன் வீட்டில் இருக்க, இல்லாதவன் களத்திற் செத்தான்! ஏழைச் சிப்பாயை மதிப்பவர் இந்த அநியாயத்தையன்றோ முதலில் எடுத்துரைக்கவேண்டும்? இதை விடுத்து அவன் சட்டையை மட்டும் பாராட்டுவது, அவனை ஏய்த்தவர்களுக்கே மீண்டும் துணை போவதாகும்.

வாய் மூடுவதால் விளையும் கேடு யாதென 1961-ல் உலகம் கண்டது. அப்போரின் நூற்றாண்டு விழாவை நடத்த அரசினர் ஒரு குழு அமைத்திருந்தனர். போரின் முதற் குண்டு வெடித்த சம்டர் கோட்டை சார்ல்ஸ்டன் நகரத் துறைமுகத்தில் இருப்பதால், அந்நகர விடுதி ஒன்றில் குழுவின் கூட்டம் ஏற்பாடாயிற்று. நியூ ஜெர்சி மாகாணப் பிரதிநிதியாக வரவிருந்த மேடலின் வில்லியம்ஸ் என்னும் கறுப்பின மாதுக்கு அவ்விடுதியில் அறை இல்லை என்றனர். ஜனாதிபதி கென்னடி தலையிட, கூட்டம் கடற்படைத் தளத்துக்கு மாறிற்று. அவ்வாண்டு ஜூலையில் மனாசஸ் என்னுமிடத்தில் நீலச் சட்டையரும் பழுப்புச் சட்டையரும் பல்லாயிரவர் பார்க்கப் போர் நடித்தனர். நூறாண்டுக்கு முந்திய சட்டைக்கு மைதானத்தில் இடம் இருந்தது. உயிருள்ள ஒரு பெண்ணுக்கு விடுதியில் இடம் இல்லை. எந்த வினாவுக்காக அப்போர் நடந்ததோ, அவ்வினா விடுதி வாயிலிலேயே நின்றுகொண்டிருந்தது. அதை உள்ளே விடாமல் போரை மட்டும் கொண்டாட முயன்றனர்.

சரித்திரச் சுத்தம் என்ற சொல்லே சில வேளை வேலியாகவும் பயன்படுகிறது. 1989-ல் ஆன்டீட்டம் போர்க்களப் பூங்காவில் ஒரு மாது ஆண் சிப்பாயின் உடையில் நடிக்க வந்தார். போரிட்டவர் ஆண்களே, ஆதலின் பெண்ணுக்கு இங்கு இடமில்லை என்று அதிகாரிகள் விலக்கினர். அவர் வழக்காடி 1993-ல் வென்றார். உண்மை யார் பக்கம்? அப்போரில் ஆணுடை புனைந்து போரிட்ட பெண்கள் பலர் உண்டு. ஸாரா ரோஸெட்டா வேக்மன் என்பவர் லயன்ஸ் வேக்மன் என ஆண்பெயர் பூண்டு, 1862-ல் நியூயார்க் 153-ஆம் பட்டாளத்திற் சேர்ந்து, 1864-ல் நியூ ஆர்லியன்ஸில் நோயால் இறந்தார். கல்லறையிலும் ஆண்பெயரே நின்றது. அவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களை 1994-ல் நூலாக வெளியிட்டவர், முன்னர் விலக்கப்பட்ட அம்மாதேயாவர். சுத்தம் பேசியவர்கள் தவறினர். அசுத்தம் என விலக்கப்பட்டவரே சரித்திரத்தைத் திருத்தினார்.

இனி, அப்போரின் உடுப்புகளுள் நம் மனத்தை மிகவும் தொடுவது மஸாசுஸெட்ஸ் 54-ஆம் பட்டாளத்தின் நீலச் சட்டை. அது கறுப்பின வீரரின் பட்டாளம். 1863 ஜூலை 18-ல் வாக்னர் கோட்டையைத் தாக்கிப் பலர் மடிந்தனர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். உடுப்புக்குப் படி வேறு உண்டு. கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர் என்று வைத்து, அதிலும் உடுப்புக்கென 3 டாலரைக் கழித்து 7 டாலர் கொடுக்க முற்பட்டனர். பிடித்தம்! தோட்டத்து நேயர்களுக்கு இச்சொல்லை விளக்கவேண்டுவதில்லை. நம் பாட்டன்மார் சம்பள நாளில் கேட்டுக் கேட்டு மனம் புழுங்கிய சொல் இது. ஆனால் 54-ஆம் பட்டாளத்தார் செய்ததைக் கேளுங்கள். குறைந்த சம்பளத்தை வாங்க மறுத்தனர். குறைவை நாங்கள் ஈடுகட்டுகிறோம் என மஸாசுஸெட்ஸ் அரசு முன்வந்தபோதும் மறுத்தனர். வீட்டில் மனைவி மக்கள் வாட, ஓராண்டுக்கு மேல் சம்பளமின்றியே போர் புரிந்தனர். அவர்கள் கேட்டது மூன்று டாலர் அன்று. மனிதர் என்ற மதிப்பு. 1864 ஜூனில் அமெரிக்கக் காங்கிரஸ் சமச் சம்பளத்துக்குச் சட்டம் செய்தது.

இன்று அப்பட்டாளத்தின் சட்டையைத் தைத்து அணியும் கறுப்பின அன்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டன்று. நாட்டின் எழுத்தும் கழுகுப் பொத்தானும் ஒரு கறுப்பன் மேனியில் ஏறிவிட்டால், குடியுரிமை அவனுக்கு இல்லையென எந்தச் சக்தியாலும் சொல்லமுடியாது என்ற கருத்தைப் பிரெடெரிக் டக்ளஸ் 1863-லேயே வற்புறுத்தினார். அவர் அடிமையாய்ப் பிறந்து, தப்பி, அறிஞராய் உயர்ந்தவர். அவர் கண்ணில் சட்டை என்பது ஓர் உரிமைப் பத்திரம். ஒரே போரின் இரு சட்டைகள்! ஒன்று உரிமையைச் சொல்லுகிறது; மற்றொன்று, கேட்பவர் இல்லாவிடின், உரிமை பறித்த கதையை மறைத்துவிடுகிறது.

தைத்த கைகளையும் மறக்கலாகாது. வட சேனையின் உடுப்பைத் தைத்தோர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். பிலடெல்பியாவின் ஸ்கூல்கில் ஆயுதசாலையில் வெட்டிய துணியை வாங்கிச் சென்று வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தோர் ஆயிரக்கணக்கானவர். 1865-ல் சின்சினாட்டி நகரத்துத் தையற் பெண்கள், போருக்குப் போனவர்களின் மனைவியரும் விதவைகளும் சகோதரிகளுமான தங்களுக்கு ஒப்பந்தக்காரர் தரும் கூலி உயிர் வாழப் போதாது என்று ஜனாதிபதி லிங்கனுக்கு விண்ணப்பம் எழுதினர். இன்று கையால் காஜா எடுக்கும் தையற்காரர் ஒவ்வொரு முறை ஊசியைக் குத்தும்போதும் அப்பெண்களின் விரல்கள் சென்ற வழியே செல்கிறார்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: தையற்காரன் தைப்பவன், உடுப்பவன் செய்யும் பிழைக்கு அவன் எவ்வாறு பொறுப்பாவான்? கத்தி செய்யும் கொல்லன் கொலைக்குப் பொறுப்பா? நன்று கேட்டீர். ஆயினும் கத்தி பல காரியத்துக்கு உதவும். பட்டாளத்துச் சட்டையோ பேசுவதற்கென்றே தைக்கப்படுவது. அது சொல்லும் செய்தியில் தைத்தவனுக்கும் பங்குண்டு. இதனாலேயே ஜெர்மானிய நாட்டில், நாஜிக் கட்சியின் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம் என்று சட்டம் இருக்கிறது. கலைக்கும் கல்விக்கும் சரித்திர விளக்கத்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. சட்டம் அங்கே வேறுபடுத்துவது துணியையன்று, நோக்கத்தை.

அப்படியானால் தென் சேனைச் சட்டையை எவரும் தைக்கலாகாது, உடுத்தலாகாது என்பதா நம் கட்சி? அன்று. அதை அடியோடு ஒழித்தால், 54-ஆம் பட்டாளம் எவரை எதிர்த்து மடிந்தது என்பதும் ஒழிந்துபோம். எதிராளி இல்லாத மேடையில் வீரம் ஏது? தீமையை மறப்பது தீமையை வெல்வதாகாது. ஆகவே தைக்கட்டும், உடுக்கட்டும். ஆனால் உடுத்தவன் ஒரு கடனையும் உடன் உடுக்கிறான். வேடிக்கை பார்க்க வந்த சிறுவன் ஒருவன் அருகே வந்து, "ஐயா, நீங்கள் எதற்காகச் சண்டை போட்டீர்கள்?" என்று கேட்பான். அப்போது பொத்தானைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் பேசிச் சமாளிப்பவன் வெறும் வேடக்காரன். "நான் பூண்டிருக்கும் வேடத்துக்குரியவன் ஏழை, அவன் வீரன், ஆயினும் பிறரை அடிமையாக வைத்திருக்க விரும்பிய அரசுக்காக அவன் போரிட்டான், அது தவறு" என்று சொல்பவன், மாண்டவனுக்கு மரியாதை செய்தவனாவான், அம்மாண்டவனால் துன்புற்றவர்க்கும் நியாயம் செய்தவனாவான்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நம் விடை இதுவே. இறந்தவன் சட்டை அவன் மானத்தைக் காப்பது அதன் தையலால் அன்று. அதை உடுத்தவன் வாயிலிருந்து வரும் சொல்லால். அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணும் பொறுமை உள்ளவர்க்கு, ஒரு தோட்டத்துக்கு எத்தனை அடிமை என்று எண்ணும் பொறுமையும் வேண்டும். இரண்டையும் எண்ணுகிறவர் கையில் ஊசி நியாயத்தின் கருவி. ஒன்றை மட்டும் எண்ணுகிறவர் கையில் அது பழம் பொய்க்குப் புதுக் காஜா எடுக்கும் கருவி. கடந்த காலத்தை உடுத்த விரும்பும் எவரும், எந்நாட்டினராயினும், அதன் வெளிப்புறத்தைப் போலவே உட்புறத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பாராக.