மெழுகு பூசிய சொல்

'ஸின்ஸியர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அழகான பிறப்புக் கதை ஒன்று சொல்வார்கள். பழைய ரோமாபுரியில் சில சிற்பிகள் சலவைக்கல்லில் விழுந்த கீறலை மெழுகால் அடைத்து விற்றுவிடுவார்களாம். வெயில் பட்டதும் மெழுகு உருகிக் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் நாணயமான சிற்பிகள், 'ஸினே ஸேரா', அதாவது 'மெழுகு இல்லாதது' என்று சொல்லி விற்றார்களாம். அதுவே 'ஸின்ஸியர்' ஆயிற்றாம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுவன்று. லத்தீனில் 'ஸின்ஸேருஸ்' என்றால் தூயது, கலப்பற்றது என்று பொருள். 'ஒன்று', 'வளர்தல்' என்ற இரண்டு பழைய வேர்கள் சேர்ந்து அந்தச் சொல் பிறந்தது என்பது மொழிநூலார் பலருடைய கருத்து. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிள் பாலுக்கே இந்த அடைமொழியைக் கொடுக்கிறது. கலப்படமில்லாத பால் என்பது கருத்து. மெழுகைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பளிங்குச் சிலைகளைப் பேணுவதற்காக மெழுகு பூசும் வழக்கத்தை ரோமானியக் கட்டிடக் கலைஞர் விட்ருவியஸ் குறிப்பிடுகிறார். அவர் சொல்வது பராமரிப்பை, மோசடியை அல்ல.

"போனால் போகட்டும், கதை நல்லதைத்தானே போதிக்கிறது?" என்று கேட்கலாம். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சொல்லின் வரலாற்றில் ஓர் இடைவெளி இருந்தது. அதைக் கற்பனையால் அடைத்து, மெருகேற்றி, உண்மை என்று நம் கையில் கொடுத்துவிட்டார்கள். கதையில் வரும் போலிச் சிற்பி செய்ததும் இதைத்தானே? நேர்மையைப் புகழவே ஒரு பொய் தேவைப்படுகிறதென்றால், நேர்மையின் மீது நமக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இல்லாத மனிதர்களைப் படைத்து, நடக்காததைச் சொல்லி, படிக்கிறவர்களை அழவும் வைக்கிறேன். ஆனால் அட்டையிலேயே 'நாவல்' என்று அச்சிட்டுத்தான் கொடுக்கிறேன். வாசகர் ஏமாறவில்லை; தெரிந்தே என்னுடன் வருகிறார். அந்த ஒரு சொல்லை மறைத்துவிட்டால், அதே எழுத்து ஏமாற்று வேலையாகிவிடும்.

சிற்பியின் கதையையும் அப்படியே சொல்லலாம். 'இது கதை' என்று தொடங்கினால் அதன் அழகில் ஒரு குன்றிமணியும் குறையாது. கேட்கிற குழந்தைக்கு நீதியும் விளங்கும். கீறலைக் கீறல் என்று காட்டிவிட்டு விற்கிற சிலைக்கும் வாங்குகிறவர் உண்டு.