மீன் படாத ஸ்டவுட்

"மாமா, இது சுத்த சைவம். ஒரு வாய் குடிச்சுப் பாருங்க." போன தைப்பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து தெரணியகலைக்கு வந்த மருமகன் ஸ்டவுட் போத்தலை மேசையில் வைத்தான். பியரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சில ஆலைகளில் கலப்பார்கள். அது கலங்கலை இழுத்துக்கொண்டு அடியில் படியும். கின்னஸ்கூட அதைக் கைவிடப்போவதாக 2015இல் அறிவித்தது. நான் மச்சம் தொடாதவன் என்பதால், மீன் படாததாக, நம் நாட்டில் காய்ச்சியதாகப் பார்த்துத் தேடி வாங்கியிருக்கிறான். அந்த அக்கறை எனக்குப் பெரிது.

ஆனால் நான் அதைத் தொடவில்லை.

சின்ன வயதில் கோயிலில் பஞ்சமா பாதகம் படித்தோம்: கொலை, களவு, கள், காமம், பொய். கொலையை நீக்கிவிட்டால் கள் தானாக நீங்கிவிடாது. வள்ளுவரும் இரண்டையும் ஒன்றாக வைக்கவில்லை. புலால் மறுத்தல் துறவறத்தில் வருகிறது. கள்ளுண்ணாமையோ பொருட்பாலில், சூதுக்கு முந்திய அதிகாரம். குடியை அவர் வீட்டையும் நாட்டையும் அழிக்கும் காரியமாகவே பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

உள்ளூர்ச் சரக்கு என்பதும் முழு உண்மையில்லை. தண்ணீர் நம்முடையது, பார்லியும் ஹொப்சும் கப்பலில் வருபவை. மீனும் வேண்டாம், வெளிநாடும் வேண்டாம் என்றால் எங்கள் கேகாலைக் கிராமங்களின் கித்துள் கள் இருக்கிறது. பாளையைச் சீவினால் வடிகிற சாறு தானே புளித்துக் கள்ளாகும். மருமகன் கேட்கிற எல்லாத் தகுதியும் அதற்கு உண்டு.

அப்பா தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டினார். ஒரு கோழியைக்கூட அறுத்தவரில்லை. சம்பள நாளில் தவறணைக்குப் போவார். அவர் குடித்தது தென்னஞ்சாராயம். அதிலும் மீனில்லை, மாமிசமில்லை, இந்த மண்ணில் விளைந்ததுதான். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்று பேர், அதாவது நாள் வேலைக் கணக்கு, விழாத வாரங்களில் அம்மா கொழுந்தெடுத்த காசில்தான் ரொட்டி சுட்டோம். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, திரும்பவேயில்லை. ஒரு நாள் பேருக்கு ஆயிரம் ரூபாய் கிடைக்க 2021 வரை காத்திருந்த சனங்கள் நாங்கள்.

காவல் தெய்வமான முனியாண்டிக்குச் சாராயம் படைப்பவர்களை நான் தடுப்பதில்லை, அது அவர்கள் வழிபாடு. ஆனால் உயிர்களிடத்தில் அன்பு என்பது மீனோடு நின்றுவிடக்கூடாது. காம்பிராவுக்குள், தோட்டத்து லயத்தின் அந்த அறைக்குள், பசியோடு காத்திருப்பவளும் உயிர்தான்.

மருமகனே, போத்தலில் மீன் இருக்கிறதா என்று கேட்டறிந்து வந்தாய், நல்லது. அடுத்த முறை வரும்போது, சம்பள நாள் இரவு எப்படிப் போகிறது என்று பக்கத்துக் காம்பிரா அக்காவிடமும் ஒரு வார்த்தை கேள்.